படுக்க ஓர் இடம், எழுத ஒரு பலகை

எட்டாம் வகுப்பில் மூன்றாவது வரிசையில் உட்காரும் அந்த மாணவிக்கு இரண்டாவது பாடவேளை பாதி போவதற்குள் கண் சொக்கிவிடும். முதலில் புத்தகத்தை நிமிர்த்தி வைத்து அதன் பின்னால் முகத்தை மறைப்பாள். கொஞ்ச நேரத்தில் நெற்றி மேசையைத் தொட்டுவிடும். நான் அறிவியல் ஆசிரியை. பாடம் நடத்திக்கொண்டிருக்கும்போது ஒருத்தி தூங்கினால் கோபம் வரத்தான் செய்யும். எழுந்து நிற்கச் சொன்னேன். முகம் கழுவிவிட்டு வரச் சொன்னேன். வீட்டுப்பாட நோட்டைக் கேட்டால் எழுதித்தான் இருப்பாள். ஆனால் எழுத்து கோட்டை விட்டு இறங்கி ஓடும். பக்கங்கள் நமுத்துப்போய் இருக்கும். நோட்டைத் திறந்தாலே ஒரு புகையிலை நெடி வரும். "கவனம் போதாது" என்று சிவப்பு மையில் எழுதிக் கொடுத்தேன். அப்படி இரண்டு முறை எழுதினேன்.

மூன்றாவது முறை எழுதுவதற்கு முன் அவள் வீட்டுக்குப் போனேன். எங்கள் பள்ளி தென்காசியிலிருந்து குற்றாலம் போகும் பக்கத்தில் உள்ள ஊரில் இருக்கிறது. ஜூலை மாதம், சாரல் விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. வீடு என்பது ஓர் அறை, அதில் ஒரு மூலையைத் தடுத்து அடுப்படி, முன்னால் இரண்டு பேர் உட்காரும் அளவுக்குத் திண்ணை. ஐந்து பேர் குடியிருக்கிறார்கள். அறை நடுவில் அவளுடைய அம்மா மடியில் சுளகை வைத்துக்கொண்டு பீடி சுற்றிக்கொண்டிருந்தார். எங்கள் பக்கம் சுளகைச் சொளவு என்போம். பக்கத்தில் ஈரத்துணியில் சுற்றிய இலைக்கட்டு, ஒரு டப்பாவில் புகையிலைத் தூள், கட்டிய பீடிகள்.

"வாங்க டீச்சர், உக்காருங்க. இதுலதான் உக்காரணும், வேற எடமில்ல" என்று ஒரு சாக்கை உதறிப் போட்டார்.

பிள்ளை வகுப்பில் தூங்குகிறாள் என்று சொன்னேன். அவர் வருத்தப்படவும் இல்லை, மகளைத் திட்டவும் இல்லை.

"ராத்திரி பதினோரு மணி வரைக்கும் சுத்துவேன் டீச்சர். நாளைக்குக் கடையில எண்ணிக் குடுக்கணும்லா. லைட்டு எரியும். அவளும் கூடமாட மொனை மடக்கித் தருவா."

"அவ எங்க படுப்பா?"

"இந்தா, இங்கனதான்." தான் உட்கார்ந்திருந்த இடத்தைக் கையால் தட்டிக் காட்டினார். "நான் எந்திரிச்சாத்தான் அவ படுக்க முடியும்."

சிவப்பு மையில் நான் எழுதியது நினைவுக்கு வந்தது. கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டு எழுந்தேன்.

பதினெட்டுச் சதுர அடி

மாணவருக்கான அறை எப்படி இருக்க வேண்டும் என்று பத்திரிகைகளின் இணைப்பிதழ்களில் படங்களோடு கட்டுரைகள் வரும். ஜன்னலோரம் மேசை, சுழலும் நாற்காலி, மேசை விளக்கு, சுவரில் புத்தக அடுக்கு, வெளிர்நீலச் சுவர், மெத்தை விரித்த கட்டில். அதைக் கேலி செய்ய எனக்கு விருப்பமில்லை. அந்தப் படத்தில் இருக்கும் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு வேலை இருக்கிறது. முதுகு வளையாமல் எழுத ஒரு பரப்பு வேண்டும். எழுதும் இடத்தில் வெளிச்சம் விழ வேண்டும். புத்தகம் நனையாமல் இருக்க ஓர் இடம் வேண்டும். இவை எல்லாவற்றையும்விட, யாரும் எழுப்பாமல் தூங்க ஓர் இடம் வேண்டும். இந்த நான்கும் கிடைத்துவிட்டால் சுவர் எந்த நிறத்தில் இருந்தால் என்ன?

தமிழ்நாடு அரசின் 'கலைஞரின் கனவு இல்லம்' திட்டத்தில் கட்டப்படும் வீட்டின் பரப்பு 360 சதுர அடி. எங்கள் மாணவர்கள் பலர் இதைவிடச் சிறிய வீட்டில் இருக்கிறார்கள் என்றாலும், கணக்குக்கு இதையே எடுத்துக்கொள்வோம். ஒரு பிள்ளை காலை நீட்டிப் படுக்க ஆறு அடி நீளம், இரண்டரை அடி அகலம் போதும். அது 15 சதுர அடி. எழுதும் பலகை இரண்டடிக்கு ஒன்றரை அடி, அதாவது 3 சதுர அடி. மொத்தம் 18. வீட்டில் இருபதில் ஒரு பங்கு. இந்தக் கணக்கை ஏழாம் வகுப்பில் கரும்பலகையில் போட்டபோது ஒரு பையன், "அவ்வளவுதானா டீச்சர்?" என்று கேட்டான். பிறகு, "அவ்வளவும் நமக்கே நமக்கா?" என்றான்.

அந்த இரண்டாவது கேள்விக்குத்தான் பதில் சொல்ல முடியவில்லை. வீட்டில் அவ்வளவு இடம் இருக்கிறது. ஆனால் அதே இடம் காலையில் சமையலுக்கும், பகலில் பீடிக்கும், மாலையில் உறவினர் வந்தால் உட்காரவும், இரவில் ஐந்து பேர் படுக்கவும் வேண்டியிருக்கிறது. பிள்ளைக்குத் தேவை ஒரு குறிப்பிட்ட நேரத்துக்கு அது தன்னுடையது என்ற உறுதி.

வீட்டை வரையச் சொன்னேன்

எத்தனை பிள்ளைகள் இப்படி இருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள, அளவியல் பாடத்தோடு சேர்த்து ஒரு செயல்பாடு வைத்தேன். வீட்டை மேலிருந்து பார்ப்பதுபோல் வரைய வேண்டும். மேற்கு எது என்று குறிக்க வேண்டும். படுக்கும் இடத்துக்குச் சதுரம், புத்தகம் வைக்கும் இடத்துக்கு வட்டம், விளக்குக்கு நட்சத்திரம்.

முதல் முறை ஒரு தவறு செய்தேன். வரைந்ததை எழுந்து நின்று காட்டச் சொன்னேன். ஒரு மாணவன் ஐந்து அறை, மாடிப்படி, ஏசி எல்லாம் போட்டு அழகாக வரைந்திருந்தான். அவன் வீடு எனக்குத் தெரியும், ஓட்டுச்சாய்ப்பு. பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அவன் தாளை மடித்துவிட்டு உட்கார்ந்தான். அதிலிருந்து படங்களை நான் மட்டுமே வாங்கிப் பார்க்கிறேன். யாரிடமும் காட்டுவதில்லை, சுவரில் ஒட்டுவதும் இல்லை. இதைச் செய்ய நினைக்கும் ஆசிரியர்கள் இந்த ஒன்றை மட்டும் தயவுசெய்து மறக்க வேண்டாம்.

படங்களைப் பார்த்தபோது எனக்குத் தெரியாதவை பல தெரிந்தன. நட்சத்திரமும் வட்டமும் ஒரே பக்கத்தில் இருந்த படங்கள் மிகக் குறைவு. விளக்கு ஒரு சுவரில், புத்தகப்பை எதிர்ச்சுவரில். பல படங்களில் சதுரம் அடுப்பை ஒட்டி இருந்தது. இரண்டு படங்களில் சதுரமே இல்லை. கேட்டால், "எங்க எடம் கெடைக்கோ அங்க டீச்சர்" என்றார்கள்.

முதலில் தூக்கம்

நான் தொடங்கியது மேசையிலிருந்து. அது தவறு என்று பிறகுதான் புரிந்தது. அந்தக் கதையைப் பின்னால் சொல்கிறேன். தொடங்க வேண்டிய இடம் படுக்கை.

6 முதல் 12 வயது வரை நாளொன்றுக்கு 9 முதல் 12 மணி நேரமும், 13 முதல் 18 வயது வரை 8 முதல் 10 மணி நேரமும் தூக்கம் வேண்டும் என்பது தூக்க மருத்துவ வல்லுநர்களின் பரிந்துரை. எங்கள் மாணவி இரவு பதினொன்றரைக்குப் படுத்து, தண்ணீர் பிடிக்க ஐந்தரைக்கு எழுகிறாள். ஆறு மணி நேரம். அன்றாடம் குறைந்தது இரண்டு மணி நேரக் கடன். அந்தக் கடனைத்தான் அவள் என் பாடவேளையில் அடைத்துக்கொண்டிருந்தாள். பகலில் படித்ததை மூளை நிலைப்படுத்திக்கொள்வதில் இரவுத் தூக்கத்துக்குப் பெரிய பங்கு இருக்கிறது. ஆகவே இரவு பத்தரைக்கு விழித்து உட்கார்ந்து மனப்பாடம் செய்வதைவிட, ஒன்பதரைக்குத் தூங்கிப் போவதே அவளுக்குப் படிப்பு.

அம்மாவிடம் பீடி சுற்றுவதை நிறுத்துங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வருமா? அந்தக் கூலியில்தான் வீடு ஓடுகிறது. நான் கேட்டது இடம் மாற்றம் மட்டும். அவர் உட்காரும் இடத்தை வாசற்பக்கச் சுவரோரம் நகர்த்தி, உள்மூலையைப் பிள்ளைக்கு விட்டுவிடலாமா என்றேன். நடுவில் ஒரு கொடி கட்டி, கனத்த பழைய புடவையை இரண்டாக மடித்துத் தொங்கவிட்டோம். விளக்கு அம்மா பக்கம், இருட்டு பிள்ளை பக்கம். இந்தத் தடுப்பு வயதுக்கு வந்த பெண்பிள்ளைக்கு உடைமாற்றவும் உதவியது. அதை நான் யோசித்திருக்கவில்லை. அம்மாதான் சொன்னார். ஒன்பதரைக்கு மேல் முனை மடக்கக் கூப்பிடுவதில்லை என்றும் ஒப்புக்கொண்டார். "மத்தவ ரெண்டு பேரு பள்ளிக்கூடம் போகாம இதுலயே உக்காந்துட்டாளுவ டீச்சர். இவளாவது படிக்கட்டும்" என்றார்.

புகையிலைத் தூளைப் பற்றி ஒரு வார்த்தை. படுக்கும் பாய்மேல் தூள் விழுந்தால் இரவு முழுவதும் மூக்கருகில் இருக்கும். நிகோட்டின் தோல் வழியாகவும் உடலுக்குள் போகும். தூளை மூடியுள்ள டப்பாவில் வைப்பது, வேலை முடிந்ததும் உலர்ந்த துடைப்பத்தால் கிளப்பாமல் ஈரத்துணியால் துடைத்து எடுப்பது, பாயைச் சுருட்டித் தனியே நிறுத்திவைப்பது, கை கழுவிவிட்டுச் சாப்பாடு பரிமாறுவது. இவற்றுக்குப் பணம் வேண்டியதில்லை. (பீடித் தொழிலாளர் பிள்ளைகளுக்கு மத்தியத் தொழிலாளர் நலத்துறையின் கல்வி உதவித்தொகை உண்டு. தேசியக் கல்வி உதவித்தொகை இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம். பெற்றோருக்குப் பெரும்பாலும் தெரிவதில்லை. வகுப்பாசிரியர் நினைவூட்டினால் நல்லது.)

மலையடிவாரத்தில் இருப்பதால் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். தரையில் பாய் விரித்துப் படுப்பவர்களைக் கட்டுவிரியன் இரவில் கடிப்பது அடிக்கடி நடக்கிறது. அந்தக் கடியில் வலியும் வீக்கமும் மிகக் குறைவாக இருக்கும், சில நேரம் தூங்குபவருக்கே தெரியாது. அதிகாலையில் வயிற்றுவலி என்பார்கள், இமை தானாகத் தொங்கும், பேச்சு குழறும், விழுங்க முடியாது. பிள்ளை பள்ளிக்குப் போகாமலிருக்க நடிக்கிறது என்று நினைத்துவிடக் கூடாது. கட்டுப்போடுவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் செய்யாமல் 108-ஐ அழைத்து, நஞ்சுமுறிவு மருந்துள்ள அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். கட்டில் இருந்தால் சுவரிலிருந்து சற்றுத் தள்ளிப் போடலாம். இல்லாதவர்களுக்குக் கொசுவலை போதும், ஆனால் வலையின் ஓரம் நான்கு பக்கமும் பாய்க்கு அடியில் செருகியிருக்க வேண்டும். கொசு, பாம்பு, தேள் மூன்றுக்கும் அது ஒரே காவல். விறகும் செங்கலும் படுக்கும் பக்கத்துச் சுவரோரம் அடுக்கி இருந்தால் அதை முதலில் நகர்த்தச் சொல்கிறேன்.

மேற்குச் சுவர்

வெளியூரிலிருந்து மாறுதலாகி வரும் ஆசிரியர்கள் ஜூன் மாதத்தில் இங்கே சாரலைக் கண்டு மகிழ்ந்துபோவார்கள். அருவியில் தண்ணீர் விழும், வெயில் தெரியாது, காற்று சிலுசிலுக்கும். ஆனால் வீட்டுக்குள் அதே சாரல் வேறு மாதிரி. செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் மேல்காற்று தூறலைக் கொண்டுவந்து வீட்டின் மேற்குச் சுவரில் அறைகிறது. பூச்சு உதிர்ந்த சுவர் அதை உறிஞ்சிக்கொள்கிறது. உள்பக்கம் தொட்டால் சில்லென்று இருக்கும். அந்தச் சுவரில்தான் ஆணி அடித்துப் புத்தகப்பையை மாட்டியிருப்பார்கள்.

இதை வகுப்பிலேயே சோதித்துப் பார்த்தோம். ஒரே மாதிரி இரண்டு வெற்று நோட்டுகளைப் பள்ளியின் மேற்குச் சுவரை ஒட்டி ஒன்று, உள்தடுப்புச் சுவரை ஒட்டி ஒன்று என வைத்தோம். ஒரு வாரம் கழித்து எடுத்தால், முதல் நோட்டின் அட்டை வளைந்திருந்தது, தாளில் மை ஊறிப் பரவியது. மளிகைக்கடைத் தராசில் நிறுத்தால் கனமும் கூடியிருந்தது. என் மாணவியின் எழுத்து ஊறிப்போயிருந்ததற்கும், நோட்டு நமுத்ததற்கும் காரணம் என் மேசைமேலேயே கிடந்தது.

ஆகவே எங்கள் ஊரில் விதி எளிது: புத்தகம் கிழக்குப் பக்கம் அல்லது உள்சுவர்ப் பக்கம், தரையிலிருந்து ஓரடி உயரத்தில். தகரப்பெட்டி இருந்தால் மிகவும் நல்லது. உள்ளே ஒரு துணிமுடிச்சில் அடுப்புக்கரி போட்டு வைத்தால் கொஞ்சம் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். வெயில் முகம் காட்டும் நாளில் கரியைக் காயவைத்து மறுபடி போடலாம். காய்ந்த வேப்பிலை பூச்சிக்கு. படுக்கையும் மேற்குச் சுவரைத் தொடக்கூடாது. ஈரச்சுவரில் மின்கம்பி போகிறதா என்பதையும் பார்க்க வேண்டும். பழைய கம்பியில் உறை விட்டிருந்தால் மின்பணியாளரைக் கூப்பிட்டே சரிசெய்ய வேண்டும், பிள்ளைகளையோ நம்மையோ நம்பி அல்ல.

குளிருக்குப் பயந்து எல்லா ஜன்னலையும் அடைத்துவிடுகிறார்கள். அடுப்புப்புகையும் ஈரமும் உள்ளேயே நிற்கும். தென்காசி கோயில் கோபுரவாசலில் நுழைந்தால் காற்று ஆளையே தள்ளும் என்பது இங்கே எல்லாப் பிள்ளைக்கும் தெரியும். அதை வைத்தே சொன்னேன்: காற்று குறுகிய வழியில் புகுந்தால் வேகம் கூடும். மேற்கு ஜன்னலை ஒரு கை அகலம் மட்டும் திறந்து, எதிர்ப்பக்கக் கதவையோ ஜன்னலையோ முழுதாகத் திறந்துவிடுங்கள். சாரல் அதிகம் உள்ளே வராது, காற்றோட்டம் இருக்கும். அந்த நேர்க்கோட்டில் மட்டும் பாய் விரிக்காதீர்கள்.

பல்பைக் கீழே இறக்குவோம்

ஒளி பற்றிய பாடத்தில் சொல்வதுதான். விளக்கிலிருந்து தொலைவு இரண்டு மடங்கானால் விழும் வெளிச்சம் நான்கில் ஒரு பங்காகும். எட்டடி உயரத்தில் பல்பு, தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்த பிள்ளையின் நோட்டு ஓரடி உயரத்தில். இடைவெளி ஏழடி. அதே பல்பை மூன்றரை அடிக்கு இறக்கினால் நோட்டுமேல் விழும் வெளிச்சம் ஏறத்தாழ நான்கு மடங்கு. புதிய பல்பு வாங்க வேண்டாம், வயரும் ஹோல்டரும் போதும். வலதுகையால் எழுதும் பிள்ளைக்கு இடப்பக்கமிருந்தும், இடதுகைக்காரருக்கு வலப்பக்கமிருந்தும் வெளிச்சம் வர வேண்டும், இல்லையென்றால் எழுதும் இடத்திலேயே கையின் நிழல் விழும். பல்பு கண்ணுக்கு நேராகத் தெரியக்கூடாது. ஒரு தேங்காய்ச் சிரட்டையைக்கூட மறைப்பாகப் பயன்படுத்தலாம் என்று ஒரு மாணவன் செய்து காட்டினான். எல்இடி பல்பு என்றால் சரி, சூடேறும் குண்டு பல்புக்கு அது ஆகாது.

"கரண்ட் பில் ஏறும்" என்று ஓர் அப்பா மறுத்தார். அவர் மகனே கணக்குப் போட்டுக் காட்டினான். 9 வாட் பல்பு, நாளுக்கு 4 மணி நேரம், 36 வாட்மணி. இரண்டு மாதத்துக்கு 60 நாள் என்றால் 2.16 யூனிட். தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். அப்பா பதில் சொல்லவில்லை. மறுநாள் ஹோல்டர் வாங்கி வந்தார்.

பலகையும் செங்கலும்

இப்போது என் தவறு. முதல் ஆண்டில் ஒரு முன்னாள் மாணவரிடம் கேட்டு இரண்டு மேசை நாற்காலி வாங்கி இரண்டு வீடுகளில் போட்டேன். படம் எடுத்து ஆசிரியர் குழுவில் பகிர்ந்தேன், பாராட்டும் வந்தது. ஒரு மாதம் கழித்துப் போனால் ஒரு வீட்டில் மேசைமேல் தண்ணீர்க்குடம். மற்ற வீட்டில் மேசை நின்ற இடத்தில்தான் முன்பு அண்ணன் தம்பி இருவரும் படுத்திருந்தார்கள். இப்போது சாரலில் திண்ணையில் படுக்கிறார்கள். டீச்சர் கொடுத்ததாயிற்றே என்று வெளியே எடுக்கவும் தயக்கம். படிக்க இடம் கொடுக்கப் போய்ப் படுக்க இருந்த இடத்தைப் பறித்துவிட்டேன்.

அதன்பின் மடக்கிவைக்க முடியாத எதையும் நான் யார் வீட்டுக்கும் கொண்டுபோவதில்லை. பிரானூர் பார்டர் என்றால் எல்லோருக்கும் பரோட்டா நினைவுக்கு வரும், எனக்கு மரஅறுவை மில்கள். அங்கே துண்டுப் பலகைகள் மலிவாகக் கிடைக்கின்றன. இரண்டடிக்கு ஒன்றரை அடி, ஓரங்களை உப்புத்தாளால் தேய்த்தால் போதும். கால்களுக்குச் செங்கல். நம் ஊர்ச் செங்கல் ஏறத்தாழ 9 அங்குல நீளம், 4½ அங்குல அகலம், 3 அங்குல உயரம். பிள்ளையைச் சம்மணமிட்டு உட்காரவைத்து, முழங்கையை மடக்கச் சொல்லி, தரையிலிருந்து முழங்கைவரை அளக்க வேண்டும். அந்த உயரம்தான் பலகையின் உயரம். தொடக்கநிலைப் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் இரண்டு செங்கல் படுக்கைவாட்டில், 6 அங்குலம். சற்று வளர்ந்தவர்களுக்கு ஒன்று படுக்கை, அதன்மேல் ஒன்று ஒருக்களித்து, 7½ அங்குலம். எதிர்ப்பக்கம் ஒரு ரீப்பர் துண்டைக் கொடுத்தால் பலகை எழுதுபவரை நோக்கிச் சற்றுச் சாயும், கழுத்து குனியாது. பழைய கடைகளில் கணக்குப்பிள்ளைகள் வைத்திருந்த சாய்வுப் பெட்டியும் இதே உத்திதான். எழுதி முடித்ததும் பலகை சுவரில் சாயும், செங்கல் மூலைக்குப் போகும், அந்த இடத்தில் பாய் விரியும்.

சீசன் வந்தால்

குற்றாலத்தை ஒட்டிய வீடுகளில் வேறொரு சிக்கல். அங்கே சில பிள்ளைகளுக்கு அறையே இருக்கிறது. ஆனால் ஜூன் முதல் ஆகஸ்டு வரை அந்த அறை அருவிக்கு வருகிறவர்களுக்கு நாள்வாடகைக்குப் போய்விடும். பள்ளி திறக்கும் மாதமும் சீசன் தொடங்கும் மாதமும் ஒன்று. புதுப்புத்தகம் கிடைத்த வாரத்தில் பிள்ளை அடுப்படிக்குக் குடிபெயர்கிறது. சனி, ஞாயிறு இரவுகளில் வெந்நீர் கேட்டும் சாவி கேட்டும் கதவு தட்டிக்கொண்டே இருக்கும். திங்கட்கிழமைக் காலையில் அந்தப் பிள்ளைகளின் கண்களைப் பார்த்தாலே வாரக்கடைசியில் கூட்டம் எப்படி என்று சொல்லிவிடலாம்.

அறையை வாடகைக்கு விடாதீர்கள் என்று சொல்ல முடியாது. ஒரு வருடத்துச் செலவை அந்த மூன்று மாதத்தில்தான் அவர்கள் ஈட்டுகிறார்கள். அதனால் அறையையே ஒரு பெட்டிக்குள் வைத்தோம். ஒரு தகர ட்ரங்குப்பெட்டி. உள்ளே புத்தகம், சீருடை, ஹோல்டரோடு வயர், போர்வை. மூடினால் மேல்பரப்பு எழுதும் மேசை. பெட்டி எங்கே போகிறதோ அங்கே பிள்ளையின் அறை. விருந்தினர் அறைக்குள் நோட்டு மாட்டிக்கொண்டு, "டீச்சர், அவங்க கதவப் பூட்டிட்டு அருவிக்குப் போயிட்டாங்க" என்று வந்து நிற்பது நின்றது. படுக்கைக்கு, கூட்டமான இரவுகளில் பக்கத்துத் தெருப் பாட்டி வீட்டுக்கு அனுப்புவதாக இரண்டு குடும்பங்கள் ஒப்புக்கொண்டன. ஒரு குடும்பம் ஒப்புக்கொள்ளவில்லை. அந்தப் பையன் இன்னமும் திங்கட்கிழமை தூங்குகிறான். அவனை நான் எழுப்புவதில்லை, முதல் பாடவேளை முடியும்வரை விட்டுவிடுகிறேன்.

பள்ளியில் மாற்றிக்கொண்டவை

நாம் கொடுக்கும் வீட்டுப்பாடம் ஒவ்வொன்றும் வீட்டில் ஒரு மேசையும் விளக்கும் அமைதியும் இருப்பதாக எண்ணிக்கொள்கிறது. அது இல்லாத வீட்டுக்கு அதே வீட்டுப்பாடம் போகும்போது, நாம் மதிப்பிடுவது பிள்ளையின் படிப்பையா, வீட்டின் பரப்பளவையா? சாரல் மாதங்களில் எழுத்துவேலையைப் பள்ளியிலேயே முடிக்கவைக்கிறேன். தலைமையாசிரியரின் ஒப்புதலோடு மாலையில் ஒரு வகுப்பறை முக்கால் மணி நேரம் திறந்திருக்கும், ஆசிரியர்கள் முறைவைத்து இருக்கிறோம். வீட்டுக்குப் போவது வாசிப்பும், பார்த்துவந்து சொல்ல வேண்டியவையும் மட்டும். வரைபடம், படம் ஒட்டும் செயல்திட்டம் போன்றவை பள்ளி அலமாரியிலேயே இருக்கும். முதலில் சில பெற்றோர், "வீட்டுப்பாடமே குடுக்கலியே" என்று குறைப்பட்டார்கள். நோட்டுகளைக் காட்டினேன்.

எல்லா வீடுகளிலும் இது நிற்கவில்லை. ஒரு வீட்டில் பலகை காய்கறி நறுக்கப் போய்விட்டது. ஒரு வீட்டில் பல்பைக் கழற்றிப் பெட்டிக்கடையில் மாட்டிவிட்டார்கள். புடவைத் தடுப்பு இரண்டு வீடுகளில் ஒரு மாதம்கூடத் தாங்கவில்லை. பெரியவர்கள் வந்து உட்கார்ந்தால் அது அவமரியாதையாகத் தெரிகிறதாம். பேசிப் பார்த்தேன், விட்டுவிட்டேன். பிள்ளையின் தூக்க நேரத்தை மட்டும் விட்டுக்கொடுக்காமல் கேட்டுக்கொண்டே இருக்கிறேன்.

மூன்றாவது வரிசை மாணவி இப்போது பத்தாம் வகுப்பு. போன மாதம் அவள் வீட்டுப் பக்கம் போயிருந்தேன். அம்மா வாசற்பக்கச் சுவரோரம் இருந்து சுற்றிக்கொண்டிருந்தார். புடவைத் தடுப்பு இருந்தது, புடவை மட்டும் வேறு. உள்ளே பலகை முன்னால் உட்கார்ந்திருந்தது அவள் அல்ல, இரண்டாம் வகுப்புப் படிக்கும் தம்பி. "அக்கா ஸ்பெஷல் கிளாஸ் முடிஞ்சு ஆறரைக்கு மேலதான் வருவா. அதுவரைக்கும் எனக்கு" என்றான். குனிந்து பார்த்தேன். ஒருக்களித்து இருந்த மேல்செங்கல் படுக்கைவாட்டில் மாறியிருந்தது. யார் மாற்றியது என்று கேட்டேன். "அக்காதான். என் கையை அளந்து பாத்தா" என்றான்.